ஹெர்ஸ்ட்மன்சூ கோட்டைக்கு வயது என்ன? 1441ஆ, 1933ஆ?

ஊர்சுற்றி | ஞாயிறு இரவு 9.40

போன வாரம் மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரைப் பக்கம், கிழக்கு சசெக்ஸில் இருக்கிற ஹெர்ஸ்ட்மன்சூ கோட்டைக்குப் போயிருந்தோம். உள்ளே போகவில்லை, தோட்டமும் அகழியும் வெளிச்சுவரும்தான். முழுக்க முழுக்கச் செங்கல், சாயங்கால வெயிலில் அப்படியே பழுத்த மாம்பழ நிறத்துக்கு வந்துவிடுகிறது, முன்னால் நீளமாக ஒரு பாலம், அகழியில் வாத்து.

நான் கைப்பேசியில் பார்த்து "1441ல கட்டினதாம் மாமா" என்று பெருமையாகச் சொன்னேன். மனிதர் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சும்மா நம்ப மாட்டார். பாலத்தில் நின்று ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாசல் கோபுரம் பழசு மாப்பிள்ளை, ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் கூரையும் புகைபோக்கியும் பார்த்தா எங்க அப்பா வயசுதான் இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினால் ஒரு இடத்தில் 1441 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 1933இல் முடிந்தது என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஐந்நூறு வருடம் இருக்கிறதே அப்பா! விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபேப்பர் | ஞாயிறு இரவு 11.15

உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவர் சொன்னதுதான் சரி.

கட்ட ஆரம்பித்தவர் ரோஜர் ஃபைன்ஸ். 1415இல் பிரான்சில் நடந்த அஜின்கோர்ட் சண்டையில் இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றிக்காகப் போரிட்டவர், பிறகு ஆறாம் ஹென்றியின் அரண்மனை வரவுசெலவு முழுக்க இவர் கையில். காசு எங்கே இருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. 1441இல் மதிலுக்குப் பல் வைத்துக் கட்டிக்கொள்ள அரசரிடம் அனுமதி வாங்கினார். அந்தக் காலத்தில் அது இல்லாமல் கோட்டை மாதிரி கட்ட முடியாது. (இந்த மதில் பல்லுக்குப் பழந்தமிழில் 'ஞாயில்' என்று அருமையான சொல் இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை, நானாவது பயன்படுத்துகிறேன்.) ஞாயில், அகழி, எறிகுழி (மேலே இருந்து எதிரி தலையில் கொட்டுகிற துளை), மூலைக்கு மூலை எண்கோணக் கோபுரம், உள்ளே நான்கு முற்றம் என்று பெரிய குடும்பம் ஊழியர்களோடு வாழ்கிற மாதிரி கட்டினார்.

கை மாறிக் கை மாறி 18ஆம் நூற்றாண்டில் ஹேர் என்ற குடும்பத்திடம் வந்தது. அப்போது ராபர்ட் ஹேர் என்பவருக்கு இந்தப் பழைய வீடு அலுத்துவிட்டது. சாமுவேல் வையட் என்ற கட்டடக் கலைஞரைக் கூட்டிவந்து காட்டினார், அவரும் இது தேறாது என்று சொல்லிவிட்டார். 1776-77இல் உள்ளே இருந்த அத்தனையும் இடித்து எடுக்கப்பட்டது. கூரை, மாடி, மண்டபம், தேவாலயம், சமையல்கூடம் எல்லாம். எடுத்த சாமானைக் கொண்டுபோய்ப் பக்கத்திலேயே ஹெர்ஸ்ட்மன்சூ பிளேஸ் என்று ஒரு புது மாளிகை கட்டினார்கள். இரண்டாவது மனைவி பேச்சைக் கேட்டுத்தான் இப்படிச் செய்தார் என்று அந்தக் குடும்பத்திலேயே பின்னால் பேசிக்கொண்டார்கள், எல்லா ஊரிலும் பழி அந்தப் பக்கம்தான் போகும்போல.

மிச்சம் நின்றது வெளிச்சுவர் மட்டும். பூ இல்லாத கூடை மாதிரி நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. கொடி படர்ந்து, ஓவியர்கள் வந்து வரைந்து, உல்லாசப் பயணிகள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற இடமானது.

1913இல் கிளாட் லோதர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் வாங்கிப் பழுதுபார்க்க ஆரம்பித்தார். பாதியில் இருக்கும்போதே 1929இல் இறந்துவிட்டார். அப்புறம் 1932இல் பால் லேதம் என்ற இன்னொரு பணக்கார எம்.பி. வாங்கி, வால்டர் காட்ஃப்ரி என்ற கட்டடக் கலைஞரை வைத்து மிச்ச வேலையை முடித்தார். அதுதான் உங்கள் 1933. நான்கு முற்றங்களை ஒன்றாக்கி ஒரே பெரிய முற்றமாக்கியது இந்த மறுகட்டுமானத்தில்தான்.

ஆக, சட்டை 1441, உடம்பு 1933.

குறுக்குக்கேள்வி | திங்கள் காலை 7.02

அப்படியானால் அதை ஏன் இடைக்காலக் கோட்டை என்று போட்டு டிக்கெட் விற்கிறார்கள்? நாலு சுவரை நிறுத்தி வைத்து உள்ளே பங்களா கட்டினால் அது பங்களாதானே? சினிமா செட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? சினிமாக்காரன் முன்பக்கம் மட்டும் போடுவான், இவர்கள் நாலு பக்கமும் போட்டிருக்கிறார்கள்.

உள்ளே இருக்கிற மரவேலை, கணப்பு (குளிர்காயச் சுவரில் வைக்கிற அடுப்பு), படிக்கட்டு எல்லாம் இங்கிலாந்திலும் பிரான்சிலும் இருக்கிற வேறு வேறு பழைய வீடுகளில் இருந்து வாங்கிக்கொண்டுவந்து பொருத்தியது என்று எங்கேயோ படித்தேன். உண்மையா? உண்மை என்றால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

பழையபேப்பர் | திங்கள் காலை 7.48

உண்மைதான். கோபப்படுங்கள்.

செங்கல்சூளை | திங்கள் மதியம் 1.30

குறுக்கு அண்ணே, சினிமா செட் என்று மட்டும் சொல்லாதீர்கள், செங்கல் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு வலிக்கிறது.

அந்த ஊரில் பணக்காரன் என்றால் கல்லில் கட்டுவான். ரோமானியர்கள் போன பிறகு இங்கிலாந்தில் பல நூறு வருடம் செங்கல் சுடுகிற பழக்கமே ஏறக்குறைய போய்விட்டது. 15ஆம் நூற்றாண்டில்தான், கடலுக்கு அந்தப் பக்கம் ஃபிளாண்டர்ஸ் பகுதியைப் பார்த்து, மறுபடி பெரிய இடத்து ஆட்கள் செங்கலுக்கு வந்தார்கள். அப்போது அது புது நாகரிகம். ஃபைன்ஸ் பிரான்சில் சண்டைக்குப் போனபோது பார்த்து ஆசைப்பட்டிருப்பார். இன்றைக்கு இங்கிலாந்தில் நிற்கிற பெரிய செங்கல் கட்டடங்களில் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. ஜன்னல் ஓரம், மூலை, வாசல் வளைவு மட்டும் கல், மீதி எல்லாம் சூளைக் கல்.

இந்தச் சுவர் கூரை இல்லாமல் நூற்றுமுப்பது வருடம் மழையில் நின்றிருக்கிறது. கூரை போனால் சுவரின் தலை வழியாகத் தண்ணீர் இறங்கும், குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறையும், உறைந்தால் பெருக்கும், பெருத்தால் செங்கலின் முகம் அப்பளம் மாதிரி பொரிந்து உதிரும். பாதி வெந்த கல்லாக இருந்திருந்தால் அம்பது வருடத்தில் மண்மேடுதான். நன்றாக வெந்த கல்லை இன்னொரு கல்லால் தட்டினால் வெண்கலப் பாத்திரம் மாதிரி 'ணங்' என்று கேட்கும், வேகாத கல் 'தொப்' என்று கேட்கும். பள்ளிக்கூட விடுமுறையில் எங்கள் சூளையில் எனக்கு அதுதான் வேலை, தட்டித் தட்டிப் பிரிக்கிறது. அந்தச் சுவர் நின்றதே அது 'ணங்' ரகம் என்பதற்கு அத்தாட்சி.

இன்னொன்று, அதில் இருந்தது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கூடவே அசையும். பழைய செங்கல் சுவரின் சந்தில் சிமெண்ட் வைத்துப் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், கல் போய்விடும், சிமெண்ட் மட்டும் சீப்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். அடுத்த தடவை பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும் கிட்டப் போய்ச் சந்தைப் பாருங்கள், யார் கை பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

குறுக்குக்கேள்வி | திங்கள் மதியம் 2.10

தம்பி, சுவர் நல்ல சுவர், ஒத்துக்கொண்டேன். நான் கேட்டது வேறு. அது முதலில் கோட்டையா?

படத்தைப் பாருங்கள். சுற்றிலும் மேடு, கோட்டை நிற்பது பள்ளத்தில். ஊர்த் தேவாலயம்கூட அதைவிட உயரத்தில் இருக்கிறது. எதிரி மேட்டில் பீரங்கியை வைத்தால் முற்றத்தில் சோறு வடிக்கிறவளைக்கூடக் குறி பார்க்கலாம். சுவரும் அவ்வளவு ஒன்றும் தடிமன் இல்லை, ஜன்னல் ஒவ்வொன்றும் ஆள் நுழைகிற அளவு. இதை வைத்துக்கொண்டு யாரைத் தடுக்கப் போகிறார்? 1441லேயே இது கோட்டை வேஷம் போட்ட மாளிகைதான். வேஷத்துக்கு 1933இல் மறுபடி ஒரு வேஷம்.

பழையபேப்பர் | திங்கள் இரவு 10.05

இது நல்ல கேள்வி, இதற்கு அங்கேயே அறிஞர்கள் பல காலமாக அடித்துக்கொள்கிறார்கள்.

வாசல் கோபுரத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் விளையாட்டு இல்லை. இரண்டு பக்கமும் உயரமான கோபுரம், நடுவில் தூக்குப்பாலம் இருந்த இடம், மேலே இருந்து கல்லையோ கொதிக்கிறதையோ கொட்டுகிற எறிகுழி வரிசை, அம்பு விடுகிற நீளச் சந்து, கீழே துப்பாக்கிக்கு வட்ட ஓட்டை. வாசலுக்கு மேல் ஃபைன்ஸ் குடும்பச் சின்னம், கொடியைப் பிடித்திருக்கிற ஒரு வேட்டைநாய், கல்லில் செதுக்கியது. பிரான்ஸ் கடற்கொள்ளையர்கள் வந்து தென்கரையை எரித்துவிட்டுப் போன காலம் அது, அதனால் கொள்ளைக்கூட்டம் ஒன்றைத் தடுக்கிற அளவுக்கு வேலை செய்யும், படை வந்தால் செய்யாது. "நான் யார் தெரியுமா" என்று சொல்வதுதான் முதல் நோக்கம். அந்த வகையில் அங்கே பாதிக் கோட்டைகளுக்கு அதுதான் நோக்கம்.

ஆனால் இந்த இழைக்கு நான் கொண்டுவர நினைத்தது கர்சனை. ஆமாம், நம்ம வைஸ்ராய் கர்சன், வங்கத்தைப் பிரித்த அதே ஆள்.

அவர் இந்தியாவில் இருந்தபோது 1904இல் பழைய நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கச் சட்டம் போட்டார். ஊருக்குத் திரும்பிப் போனால் அவர் நாட்டில் அந்த அளவுக்கு வலுவான சட்டம் இல்லை. 1911 வாக்கில் லிங்கன்ஷயரில் டாட்டர்ஷல் கோட்டைக்கு ஆபத்து வந்தது. அதுவும் செங்கல், அதுவும் இதே காலம், அதைக் கட்டியவரும் அரசாங்கப் பொருளாளர்தான், ரால்ஃப் கிராம்வெல். அதன் பெரிய கல் கணப்புகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள், அமெரிக்காவுக்குப் போக இருந்தது. கர்சன் கோட்டையை வாங்கி, கணப்புகளைத் தேடிப் பிடித்து மீட்டு, திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார். அந்தக் கலாட்டாதான் 1913இல் பிரிட்டனில் புதுச் சட்டம் வருவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

1917இல் ஹெர்ஸ்ட்மன்சூ இருக்கிற அதே கவுண்டியில் போடியம் கோட்டையையும் கர்சன் வாங்கினார். அதை வீடாக்கவில்லை. சுவரைப் பலப்படுத்தி, அகழியைத் தூர்வாரி, இடிபாடாகவே விட்டு, சாகும்போது தேசிய அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார்.

அதே 1913இல்தான் லோதர் ஹெர்ஸ்ட்மன்சூவை வாங்குகிறார். ஒருத்தர் பெயர்த்துப்போன கணப்பை மீட்டு வந்து அதே வீட்டில் வைக்கிறார், இன்னொருத்தர் வீட்டில் வேறு எங்கேயோ இருந்து வந்த கணப்பு பொருத்தப்படுகிறது. இரண்டு பேரும் பழமை மேல் ஆசை வைத்தவர்கள்தான்.

குறுக்குக்கேள்வி | திங்கள் இரவு 10.31

கர்சன் பக்கம் நான். இந்தியாவில் வேறு எந்த விஷயத்திலும் இந்த வாக்கியத்தை எழுத மாட்டேன்.

செங்கல்சூளை | செவ்வாய் காலை 6.50

நான் காட்ஃப்ரி பக்கம். அண்ணே, போடியம் அழகுதான், ஆனால் அது எலும்புக்கூடு. இடிபாட்டைக் காப்பாற்றுவதும் சுலபம் இல்லை, சுவரின் தலைக்கு வருடா வருடம் வைத்தியம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்குக் குடை இல்லை. கூரை போட்டால்தான் சுவர் பிழைக்கும். கூரை போட்டால் கீழே யாராவது குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூரையையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆள் இருந்தால் குழாய், கழிப்பறை, மின்சாரம் எல்லாம் வரும். இதில் எந்தப் படியில் நிறுத்துவீர்கள்?

காட்ஃப்ரி சாதாரண ஆள் இல்லை. 1877இலேயே வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்து, புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று பழசைச் சுரண்டாதே என்று சண்டை போட்ட காலத்துக்குப் பிறகு வளர்ந்தவர். பின்னால் 1941இல் குண்டு விழுந்து கட்டடங்கள் அழிந்துகொண்டிருந்தபோது, இருப்பதை எல்லாம் படம் எடுத்து ஆவணப்படுத்த ஆரம்பித்த தேசியக் கட்டடப் பதிவகத்துக்கு முதல் இயக்குநர் அவர்தான். கட்டடங்களை விமர்சிப்பதில் கறாரான பெவ்ஸ்னரே இந்த வேலையை முன்மாதிரி என்று பாராட்டியிருக்கிறார். வெளியே நின்று பார்த்தால் எது லோதர் காலம், எது ஃபைன்ஸ் காலம் என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரியவில்லை.

குறுக்குக்கேள்வி | செவ்வாய் காலை 7.15

தெரியவில்லை என்பதுதான் தம்பி என் புகாரே. ஒட்டுப் போட்டால் ஒட்டுத் தெரிய வேண்டும்.

நட்சத்திரன் | செவ்வாய் மாலை 6.20

எல்லோரும் செங்கல்லையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், கோட்டைக்குப் பக்கத்தில் பச்சைக் கவிழ்ந்த சட்டி மாதிரி வரிசையாக நிற்கிறதே, அந்தத் தொலைநோக்கிக் கூண்டுகளை ஊர்சுற்றி பார்க்கவே இல்லையா?

லண்டனில் புகையும் விளக்கு வெளிச்சமும் கூடிப்போய் கிரீன்விச் வானாய்வகத்தில் நட்சத்திரம் தெரியவில்லை. 1946இல் இந்தக் கோட்டையை வாங்கி ஆய்வகத்தையே இங்கே மாற்றினார்கள். அரச வானியலாளர் ஹெரால்ட் ஸ்பென்சர் ஜோன்ஸ் 1948இலேயே வந்துவிட்டார், எல்லாம் வந்துசேர 1957 ஆகிவிட்டது. கோட்டைக்குள் அலுவலகம், நூலகம். பிபிசி வானொலியில் மணி அடிக்கும் முன் வருமே ஆறு 'பிப்', 1957 முதல் 1990 வரை அது கிளம்பியது இந்த ஊரில் இருந்துதான். கிரீன்விச் நேரம் கிரீன்விச்சில் இல்லை! பூஜ்ஜியத் தீர்க்கரேகைகூட இந்த இடத்தின் மேல் போகவில்லை, மேற்கே தள்ளிப் போகிறது.

1967இல் எலிசபெத் ராணி வந்து 98 அங்குல ஐசக் நியூட்டன் தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். எங்கே வைத்தார்கள் தெரியுமா? பெவன்சி சதுப்பு நிலத்தின் ஓரத்தில். சாயங்காலமானால் மூடுபனி எழும், மூடுபனி இல்லாவிட்டால் மேகம். பன்னிரண்டு வருடம் பார்த்துவிட்டு 1979இல் கழற்றி, கானரித் தீவுகளில் லா பால்மா மலை உச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே போகும்போது முக்கியக் கண்ணாடியையே மாற்றி 100 அங்குலத்தில் புதுசு போட்டார்கள். கண்ணாடி வேறு, கட்டடம் வேறு, ஊர் வேறு, ஆனால் பெயர் இன்றைக்கும் ஐசக் நியூட்டன் தொலைநோக்கிதான். அதன் வெள்ளிக் கூண்டு மட்டும் இன்னும் ஹெர்ஸ்ட்மன்சூவில் காலியாக நிற்கிறது. குறுக்கு அண்ணே, இதில் எது அசல்?

குறுக்குக்கேள்வி | செவ்வாய் மாலை 6.44

யோவ்.

இரவுப்பறவை | செவ்வாய் இரவு 11.58

இழை திசை மாறினாலும் பரவாயில்லை, யாருமே பேயைப் பற்றிச் சொல்லவில்லையே! ராத்திரி மதில் மேல் நடந்து மேளம் அடிக்கிற பூதம் ஒன்று இருக்கிறதாம். கள்ளக்கடத்தல்காரர்கள் ஊர்க்காரர்களை ஒதுக்கிவைக்கக் கிளப்பிவிட்ட புரளி என்றும் சொல்கிறார்கள்.

பழையபேப்பர் | புதன் காலை 8.20

பேயைவிட மோசமான உண்மைக்கதை இருக்கிறது. ஃபைன்ஸ் வம்சத்தில் வந்த தாமஸ், டேக்ரே பிரபு, இருபது சொச்சம் வயது. 1541இல் கூட்டாளிகளோடு பக்கத்துப் பெல்ஹாம் நிலத்துக்கு மான் திருடப் போனார். ஒரு காவல்காரர் மாட்டிக்கொண்டு அடிபட்டுச் செத்துப்போனார். பிரபு என்பதால் தப்பிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள், எட்டாம் ஹென்றி விடவில்லை, லண்டன் தூக்குமேடை இருந்த டைபர்னில் சாதாரணக் குற்றவாளி மாதிரி தூக்கில் போட்டார்கள்.

அப்புறம் லோதரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1914இல் போர் வந்ததும் மறுகட்டுமானம் ஒரு பக்கம் இருக்க, சசெக்ஸ் பையன்களைச் சேர்த்து மூன்று பட்டாலியன் திரட்டினார். 'லோதரின் ஆட்டுக்குட்டிகள்' என்றே பெயர், கூட நிஜமாகவே ஒரு ஆட்டுக்குட்டியையும் வைத்திருந்தார்கள். 1916 ஜூன் 30 அன்று பிரான்சில் ரிஷ்பூர்க் பக்கம் ஐந்து மணி நேரத்துக்குள் 366 பேர் செத்தார்கள், ஆயிரத்துக்கு மேல் காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். அடுத்த நாள் சோம் என்ற பெரும் சண்டை தொடங்கியது, அந்தச் செய்தியில் இது அமுங்கிப்போனது. சசெக்ஸ் செத்த நாள் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள்.

ஊர்சுற்றி | புதன் இரவு 9.05

எல்லாவற்றையும் மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். பேய்க்கு முகம் சுளித்தார், ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் பேசாமல் இருந்தார், சுண்ணாம்புக் காரைக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். செங்கல்சூளை தம்பி, உங்கள் நம்பரைக் கேட்கிறார், ஜாக்கிரதை.

ஒரு சந்தேகம். ஆய்வகம் போன பிறகு இப்போது யாருடையது?

நட்சத்திரன் | புதன் இரவு 9.40

ஆய்வகம் 1990இல் கேம்பிரிட்ஜுக்குப் போனது, 1998இல் அங்கேயும் மூடிவிட்டார்கள். கோட்டையை 1990களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் பேடர் என்ற வேதியியலாளர் வாங்கிக் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். வியன்னாவில் பிறந்த யூதர், சிறுவனாக இருந்தபோது ஹிட்லரிடம் இருந்து தப்பி இங்கிலாந்து வந்தவர், அங்கிருந்து கனடாவுக்குக் கைதியாக அனுப்பப்பட்டார், வேறு இடத்தில் சேர்க்காதபோது குயின்ஸ்தான் அவரைப் படிக்கச் சேர்த்துக்கொண்டது. முதலில் மனைவிக்குத்தான் கோட்டை வாங்கித் தரட்டுமா என்று கேட்டாராம், பெருக்கித் துடைக்க அறைகள் ரொம்ப அதிகம் என்று அந்த அம்மா வேண்டாம் என்றுவிட்டாராம்.

குறுக்குக்கேள்வி | புதன் இரவு 9.52

இந்த இழையிலேயே விவரமான ஆள் அந்த அம்மாதான்.

சரி, கூரை விஷயத்தில் தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். கூரை போடலாம். ஆனால் வேறு வீட்டுக் கணப்பை வைத்ததை மட்டும் சாகிறவரை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஊர்சுற்றி | வியாழன் காலை 7.30

மாமனார் காலையில் காபி குடித்துக்கொண்டே, "1777ல பெயர்த்த சாமான் போன அந்த இன்னொரு வீடு இன்னும் நிக்குதா?" என்றார். தேடிப் பார்த்தேன், நிற்கிறது, தனியார் குடியிருப்பு. சாலையில் இருந்து எட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். "அப்ப பழைய கோட்டையோட வயிறு அங்கதான இருக்கு, அதைப் பார்க்காம என்ன பார்த்தோம்?" என்கிறார். சனிக்கிழமை மறுபடி கிளம்புகிறோம். சுத்தியல் எதுவும் கையில் எடுத்துக்கொண்டு வரக்கூடாது என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.